எந்த எமல்ஷன் டிரம் வாங்குவது? தருமபுரி, கிருஷ்ணகிரிச் சாலை வேலைகளுக்கு ஓர் ஒப்பீடு

ஊராட்சித் தெரு, புது லேஅவுட் சாலை, தொழிற்கூட வளாகம், தோப்புக்குப் போகும் தனிப்பாதை என்று சிறிய தார் வேலைகளை எடுத்துச் செய்பவர்கள் நம் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "தார் காய்ச்ச விறகும் ஆளும் கிடைப்பதில்லை, எமல்ஷனுக்கு மாறலாம் என்று பார்த்தால் ஐந்து வகை சொல்கிறார்கள். எதை எடுப்பது?" பலர் கடைசியில் விலை குறைந்ததை எடுக்கிறார்கள். இன்னும் சிலர் "கெட்டுப்போகாத சரக்காகக் கொடுங்கள்" என்று கேட்டு, ஜல்லியில் பிடிக்கவே பிடிக்காத ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள்.

பிட்டுமன் எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் தார்த் துளிகள். ஒரு துளியின் அளவு பெரும்பாலும் சில மைக்ரான்தான். துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் ஒரு வேதிப்பொருள் அவற்றைப் பூசிக் காக்கிறது. டிரம்முக்குள் இருக்கும்வரை அந்தக் காவல் நிற்க வேண்டும். ஜல்லியைத் தொட்ட பிறகு அது உடைந்து, தண்ணீர் விலகி, தார் மட்டும் கல்லில் ஒட்ட வேண்டும். எப்போது உடைய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டால், எந்த டிரம் என்பது பெரும்பாலும் தானே முடிவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

டிரம்மில் நிற்கும் காலம். தாரின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றே அதிகம். அதனால் துளிகள் மெல்ல அடியில் இறங்கும். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் இறங்கும் வேகம் நான்கு மடங்காகும். ஆகவே ஒரே ஆலையின் சரக்கானாலும், துளிகள் பருத்த பேட்ச் சீக்கிரம் படியும். படிவது மட்டும் கேடில்லை. டிரம்மை உருட்டினால் மறுபடி கலந்துவிடும். துளிகள் ஒன்றாக இணைந்து கட்டியாகிவிட்டால்தான் எந்தக் கலக்கலுக்கும் அது திரும்பாது.

கல்லில் உடையும் நேரம். நம் ஊர் ஜல்லி பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னோக்கைட் வகைப் பாறைகளிலிருந்து வருகிறது. சிலிகா மிகுந்த இந்தக் கற்களின் ஈரமான மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். ஐ.எஸ். 8887 என்னும் இந்தியத் தரத்தின்கீழ் விற்கப்படும் எமல்ஷனில் தார்த் துளிகள் நேர்மின்னூட்டம் உடையவை. அதனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கல் வகையைப் பொறுத்தவரை நம்மிடம் பிரச்சினை இல்லை. பிரச்சினை தூளில்தான். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

ஓடும் தன்மை. 60 மில்லி எமல்ஷன் குறிப்பிட்ட துவாரம் வழியாக இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்பதே சேபோல்ட் ஃப்யூரால் சோதனை. இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஆர்.எஸ் (வேகமாக உடைவது), எம்.எஸ் (நடுத்தரமாக உடைவது) வகைகளை 50 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள், எஸ்.எஸ் (மெதுவாக உடைவது) வகைகளை 25 டிகிரியில். ஆர்.எஸ்-1-க்கும் எஸ்.எஸ்-1-க்கும் சான்றிதழில் 20 முதல் 100 வினாடி என்று ஒரே எண் இருக்கும். ஆனால் ஒரே வெப்பத்தில் வைத்துப் பார்த்தால் ஆர்.எஸ்-1-தான் கெட்டி.

கையில் மிஞ்சும் தார். தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பணமும் லாரி வாடகையும் கொடுக்கிறோம். 200 கிலோ டிரம் என்று வைத்துக்கொண்டால், எஸ்.எஸ்-1-இல் தரம் உறுதி செய்வது 100 கிலோ தார், ஆர்.எஸ்-2-இல் 134 கிலோ. டிரம் விலையை ஒப்பிடாதீர்கள். டிரம் விலையை அதிலுள்ள தாரின் கிலோவால் வகுத்து, அந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

| வகை | குறைந்தபட்சத் தார் | ஓட்டம், வினாடியில் | உடையும் வேகம் | முக்கிய வேலை |
|---|---|---|---|---|
| ஆர்.எஸ்-1 | 60% | 20–100 (50 டிகிரியில்) | மிக வேகம் | டேக் கோட் (ஒட்டுப்பூச்சு) |
| ஆர்.எஸ்-2 | 67% | 100–300 (50 டிகிரியில்) | மிக வேகம் | தெளித்து ஜல்லி பரப்பும் மேற்பூச்சு |
| எம்.எஸ் | 65% | 50–300 (50 டிகிரியில்) | நடுத்தரம் | தூளில்லாத ஜல்லிக் கலவை |
| எஸ்.எஸ்-1 | 50% | 20–100 (25 டிகிரியில்) | மெதுவாக | பிரைம் கோட் (ஜல்லித்தளத்தில் இறங்கும் முதல் தெளிப்பு), மெல்லிய மேல்தெளிப்பு |
| எஸ்.எஸ்-2 | 60% | 30–150 (25 டிகிரியில்) | மெதுவாக | தூள் உள்ள கலவை, ஸ்லரி சீல் (பொடிஜல்லியும் எமல்ஷனும் குழம்பாகக் கலந்த மெல்லிய பூச்சு) |

## ஆர்.எஸ்-1: பழைய தாருக்கும் புதிய தாருக்கும் நடுவே

இதற்கு உள்ள வேலை ஒன்றுதான். பழைய தார்ப் பரப்பின்மேல் புதிய அடுக்கு போடுவதற்கு முன் ஒட்டுப்பூச்சாகத் தெளிப்பது. சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ போதும். சிமெண்ட் சாலைமேல் என்றால் 0.30 முதல் 0.35 கிலோ. சூடாக்கத் தேவையில்லை. தெளித்தபோது பழுப்பாக இருப்பது கறுப்பாக மாறிய பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். தருமபுரி வெயிலில் இது சீக்கிரம் நடந்துவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் சற்றுப் பொறுக்க வேண்டும்.

மறைமுகச் செலவு என்று பெரிதாக இல்லை. அதிகமாகத் தெளித்தால் ஒட்டுவதற்குப் பதில் வழுக்கும் அடுக்காகிவிடும் என்பதை மட்டும் தெளிப்பவருக்குச் சொல்லிவிடுங்கள்.

## ஆர்.எஸ்-2: சரிவில் நிற்கும் சரக்கு

ஆர்.எஸ்-1-க்கும் இதற்கும் தார் அளவில் வித்தியாசம் ஏழே சதவீதப் புள்ளி. ஆனால் ஓட்ட நேரத்தின் வரம்பு மூன்று முதல் ஐந்து மடங்கு வரை ஏறிவிடுகிறது. காரணம் இடநெருக்கடி. கூட்டம் குறைந்த டவுன் பஸ்ஸில் நான்கு பேர் கூடுதலாக ஏறினால் யாருக்கும் தெரியாது. படிக்கட்டு வரை நிறைந்த பஸ்ஸில் நான்கு பேர் ஏறினால் யாராலும் நகர முடியாது. ஒரே அளவுள்ள உருண்டைகளைக் குலுக்கிக் கொட்டினால் அவை கொள்ளளவில் சுமார் 64 சதவீதத்தை நிரப்பும்போது நெருக்கியடித்து நின்றுவிடும். எமல்ஷனில் சிறிய துளிகள் பெரிய துளிகளின் இடுக்குகளில் புகுந்துகொள்வதால் அதற்கு மேலும் ஓட்டம் இருக்கிறது. ஆனாலும் அந்த எல்லையை நெருங்க நெருங்கக் கெட்டித்தன்மை தாவித்தாவி ஏறும்.

இந்தக் கெட்டித்தன்மைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அசையாமல் இருக்கும்போது தடித்து நிற்கும், பம்பு தள்ளும்போது இளகி ஓடும், தெளித்து முடிந்ததும் மறுபடி தடிக்கும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதை, அஞ்செட்டிப் பக்கத்து வளைவுகள் போன்ற சரிவான இடங்களில் மேற்பூச்சு போடுபவர்களுக்கு இது மிக முக்கியம். நீர்த்த எமல்ஷனைச் சரிவில் தெளித்தால் ஜல்லி பரப்புவதற்குள் அது உள்வளைவின் ஓரத்துக்கு வழிந்து குட்டையாக நிற்கும். மேல்பக்கம் தார் போதாமல் ஜல்லி பெயரும், கீழ்ப்பக்கம் தார் மிஞ்சிக் கசியும். ஒரே சாலையில் இரண்டு கோளாறும் சேர்ந்து வருவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. சரிவு என்றால் ஆர்.எஸ்-2 தவிர வேறு யோசனை வேண்டாம்.

விலைக்கு வெளியே வரும் செலவுகளும் உண்டு. இதைத் தெளிக்க 50 முதல் 70 டிகிரி வரை இளஞ்சூடு வேண்டும், ஆகவே சூடாக்கும் ஏற்பாடுள்ள தெளிப்பு லாரி வேண்டும். டிரம்முக்கு அடியில் விறகு மூட்டிச் சூடாக்குவது கூடவே கூடாது. அடிப்பக்கத்தில் தண்ணீர் கொதித்து அங்கேயே சரக்கு உடைந்து, டிரம்மின் அடியில் தார்க் கட்டி மிஞ்சும். அடுத்தது, தெளித்த கையோடு ஜல்லி பரப்பி ரோலர் ஓட வேண்டும். தெளிப்பு லாரிக்குப் பின்னாலேயே ஜல்லி டிப்பர் நிற்காவிட்டால் மேலே தோல் கட்டிவிடும், பிறகு போடும் ஜல்லி ஒட்டாது. மூன்றாவது, தார் நன்றாகப் பிடிக்கும் வரை வண்டிகள் மெதுவாகப் போக வேண்டும். கிரானைட் குவாரி டிப்பர்கள் திரும்பும் பர்கூர், சூளகிரிப் பக்கத்து முனைகளில் அதைக் காவல் காக்க ஆள் போட வேண்டிவரும்.

அளவு கணக்கிடும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். வடிவமைப்பில் சதுர மீட்டருக்கு 1 கிலோ தார் என்று இருந்தால், தெளிக்க வேண்டிய எமல்ஷன் சுமார் 1.5 கிலோ. இந்த மாற்றத்தைச் செய்ய மறந்த இடங்களில்தான் முதல் மழையிலேயே ஜல்லி சாலையோரத்தில் குவிகிறது.

## எம்.எஸ்-ஆ, எஸ்.எஸ்-2-ஆ: தூள்தான் முடிவு செய்கிறது

குழி அடைப்பதற்கும் மெல்லிய கலவை விரிப்புக்கும் வாங்குபவர்கள் திணறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இரண்டையும் ஜல்லியோடு கலக்கலாம். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று சுத்தமாக வேலை செய்யாது.

எமல்ஷன் உடைவது கல்லின் மேற்பரப்பில். ஒரு கிலோ அரை அங்குல ஜல்லியின் மொத்த மேற்பரப்பு கொஞ்சம்தான். அதே ஒரு கிலோ கிரஷர் தூளின் மேற்பரப்பு அதைப்போல் மிகப் பல மடங்கு வரும். நேர்மின்னூட்டம் உள்ள அந்தக் காவல் வேதிப்பொருளைத் தூள் முதலில் உறிஞ்சிக்கொள்கிறது. துளிகள் காவல் இழந்து, தூளோடு சேர்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். ஜல்லி வெறுங்கல்லாக நிற்கும்.

எம்.எஸ் இந்த விஷயத்தில் மிகக் கறார். ஜல்லியில் குறைந்தது 80 சதவீதம் 2.8 மி.மீ சல்லடையில் தங்க வேண்டும், 180 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் ஏறக்குறைய இருக்கவே கூடாது. இப்படிப்பட்ட சுத்தமான ஜல்லி கிடைத்தால் எம்.எஸ் அருமையான சரக்கு. 65 சதவீதம் தார் இருப்பதால் கல்மேல் தடித்த படலமாகப் பிடிக்கும், கலக்கும்போது அடியில் வடிந்துபோகாது. முக்கால், அரை அங்குல ஜல்லி வைத்து ஆழமான குழி அடைக்க இதுதான் ஏற்றது.

எஸ்.எஸ்-2 தூளைத் தாங்குவதற்காகவே தயாரிக்கப்பட்டது. 75 மைக்ரானுக்குக் கீழே உள்ள மாவுத் தூள் ஓரளவு இருந்தாலும் உடையாமல் நின்று எல்லாவற்றையும் பூசும். சிமெண்டோடு கலந்து பார்க்கும் சோதனையிலும் கட்டியாவது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதற்கான நிபந்தனை. கிரஷரிலிருந்து வருகிற வாக்கிலேயே கழுவாத சிப்ஸும் டஸ்ட்டும் கலந்து போடும் வேலைகளுக்கு இதுதான். பழைய சாலையின் மேல் ஸ்லரி சீல் போடுவதற்கும் இதுவே.

நம் கிரஷர் ஜல்லியில் தூள் எவ்வளவு என்பது லோடுக்கு லோடு மாறும். கோடையில் உலர்ந்த குவியலின் அடியிலிருந்து அள்ளிய லோடும், மழையில் கழுவப்பட்ட மேற்பகுதி லோடும் ஒன்றல்ல. ஆகவே சான்றிதழை மட்டும் நம்பாமல் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. உங்கள் குவியலிலிருந்து ஒரு கிலோ ஜல்லியை ஒரு தகரத்தட்டில் கொட்டுங்கள். கையில் ஒட்டும் அளவுக்கு ஈரப்படுத்துங்கள். எமல்ஷனை ஊற்றிக் கரணையால் புரட்டுங்கள். எல்லாக் கல்லும் ஒரே சீராகப் பழுப்புப் பூச்சுடன் வழவழவென்று புரண்டு, சில நிமிடங்கள் கழித்துக் கறுக்கத் தொடங்கினால் பொருத்தம் சரி. நாலாவது புரட்டிலேயே கரணையின் விளிம்பில் கறுப்பு உருண்டைகள் ஒட்டி, தட்டில் கலங்கிய தண்ணீர் தனியாக ஓடினால் அந்த ஜல்லிக்கு அந்த எமல்ஷன் ஆகாது. உலர்ந்த ஜல்லியில் இதைச் செய்து பார்த்து, நல்ல சரக்கைக் கெட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. ஈரம் இருந்தால்தான் எமல்ஷன் படரும்.

எஸ்.எஸ்-2-இல் உள்ள குறை, அது எடுக்கும் நேரம். தண்ணீர் ஆவியாகித்தான் அது பெரும்பாலும் இறுகும். அடர்ந்த கலவையாக இருந்தால் முழு வலுவை அடைய வாரக்கணக்கில் ஆகும். மாலையில் மேகம் திரளும் ஏப்ரல், மே மாதங்களிலும், நமக்கு நல்ல மழை தரும் செப்டம்பர், அக்டோபரிலும் மதியத்துக்கு மேல் இதைப் போட்டால், உடையாத சரக்கு மழையோடு ஓடி வாய்க்காலில் கலக்கும். பக்கத்தில் நெல்வயலோ ஏரியோ இருந்தால் அது தார்ச் செலவோடு நிற்காது. கலவையில் ஜல்லி எடையில் 1 சதவீத அளவுக்குச் சிமெண்ட் சேர்த்தால் இறுக்கம் விரைவாகும். அதற்கு மேல் கொட்டினால் கலக்கும்போதே உடைந்துவிடும் அபாயம் இருக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், ஜல்லியைக் கழுவவோ சலிக்கவோ வசதி இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை எஸ்.எஸ்-2. தாமதத்தைத் திட்டமிட்டுச் சமாளிக்கலாம். வெறுங்கல்லாகப் போன கலவையை எதுவும் செய்ய முடியாது.

## எஸ்.எஸ்-1: உள்ளே இறங்குவதற்கு

ஈரக்கலவை ஜல்லித்தளம் போட்டு முடித்து, அதன்மேல் தார் அடுக்கு வருவதற்கு முன் தெளிக்கும் பிரைம் கோட்டுக்கு இது. அங்கே சீக்கிரம் உடைவது கெடுதல். மேற்பரப்பிலேயே தோலாக நின்றுவிட்டால் இடுக்குகளுக்குள் இறங்காது. மெதுவாக உடைவதும் தண்ணீர்போல ஓடுவதும்தான் இங்கே வேண்டும். சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1.0 கிலோ வரை தெளிக்கலாம். தெளிப்பதற்கு முன் தளத்தை லேசாக நனைத்துவிட்டால் நன்றாக இறங்கும். பிறகு குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். அந்த ஒரு நாளுக்குப் போக்குவரத்தை எங்கே திருப்பிவிடுவது என்று முன்கூட்டியே யோசிக்காவிட்டால், டிரம்மில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும். பாதி தண்ணீர் என்பதால் தூரத்திலிருந்து வரவழைத்தால் வாடகையும் உறைக்கும்.

## தண்ணீர் சேர்ப்பவர்களுக்கு

எஸ்.எஸ் வகைகளை நீர்க்கச் செய்து தெளிக்கும் வழக்கம் உண்டு. இங்கே நம் மாவட்டங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே வந்தது. பல போர்வெல்களில் தண்ணீர் உப்பும் காரத்தன்மையும் கூடியதாக இருக்கிறது. நேர்மின்னூட்ட எமல்ஷனின் தண்ணீர் அமிலத்தன்மை உடையது. துளிகளின் மின்னூட்டத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த அமிலம்தான். பைகார்பனேட் மிகுந்த போர்வெல் தண்ணீர் சேர்ந்தால் அமிலம் முறிந்து, மின்னூட்டம் குறைந்து, டேங்கிலேயே சரக்கு திரிந்துவிடும். தெளிப்பு முனை ஒவ்வொன்றாக அடைத்துக்கொள்ளும்.

ஒரு லிட்டர் டப்பாவில் எமல்ஷனை எடுத்து, அதில் உங்கள் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். சற்று நேரம் விட்டு மெல்லிய சல்லடையில் வடியுங்கள். துகள் தங்கினால் அந்தத் தண்ணீர் வேண்டாம். எப்போதும் எமல்ஷனில்தான் தண்ணீரை ஊற்ற வேண்டும், தண்ணீரில் எமல்ஷனை ஊற்றக் கூடாது. ஆர்.எஸ் வகைகளைத் தளத்தில் நீர்க்கச் செய்யவே வேண்டாம்.

## சூடு தாரே மேல் என்னும் இடங்கள்

கலவை ஆலை அருகில் இருந்து, வேலை கிலோமீட்டர் கணக்கில் நீளமாக இருந்து, பாரவண்டிகள் அன்று மாலையே ஓட வேண்டும் என்றால் வி.ஜி-30 என்னும் தார் வகையில் செய்த சூடு கலவைக்கு எமல்ஷன் கலவை ஈடாகாது. சூடு கலவைக்கு ஆறியவுடனே வலு வந்துவிடும். தொப்பூர் கணவாய் போன்ற தேசிய நெடுஞ்சாலைப் பகுதிகளில் எமல்ஷனுக்கு டேக் கோட், பிரைம் கோட் தவிர அடுக்காக நிற்கும் வேலை இல்லை. ஆனால் சூடு தாருக்கு ஜல்லி உலர்ந்திருக்க வேண்டும், 150 டிகிரிக்கு மேல் காய்ச்ச வேண்டும். சிறு வேலையில் கொப்பரையில் காய்ச்சும்போது வெப்பம் எகிறித் தார் கருகினால், இரண்டு கோடைக்குள் சாலை வெடிக்கும். தீக்காயத்தையும் புகையையும் நம் ஆட்கள் தாங்குகிறார்கள் என்பதற்காக அதைச் செலவுக் கணக்கிலிருந்து தள்ளக் கூடாது. 200, 300 மீட்டர் வேலைக்கும் ஈரமான குழிகளுக்கும் நான் எமல்ஷன் பக்கம்தான்.

மண்ணெண்ணெய் கலந்து இளக்கிய கட்பேக் தாரை இன்னும் சிலர் கேட்கிறார்கள். அது உறைபனிப் பிரதேசங்களுக்கானது. இங்கே அதனால் கிடைப்பது தீ அபாயமும் காற்றில் போகும் எரிபொருளும் மட்டுமே.

## டிரம் வந்து இறங்கும்போது

எந்த வகை வாங்கினாலும் தயாரித்த தேதியையும் பேட்ச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரச் சேமிப்புச் சோதனையின் எண் 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா, 600 மைக்ரான் சல்லடையில் தங்கியது 0.05 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கிய டிரம்மில் ஒன்றைத் திறந்து நீளமான குச்சியை அடி வரை விட்டுத் துழாவுங்கள். அடியில் மெத்தென்று இடித்து, கிளறினால் கரைந்து மேலே வந்தால் படிவு மட்டும்தான். டிரம்மை மூடிப் படுக்க வைத்து முன்னும் பின்னும் உருட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். குச்சியில் இழுவையாகக் கறுப்புத் தார் சுற்றி வந்தால் அது உடைந்த சரக்கு, அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

இருப்பு வைப்பதென்றால் நிழலில், மூடி இறுக்கி, வாரம் ஒருமுறை உருட்டி வையுங்கள். மூடி தளர்ந்த டிரம் சித்திரை வெயிலில் நின்றால் தண்ணீர் ஆவியாகி மேலே தோல் கட்டும், மிச்சமும் தெளிக்க முடியாத அளவுக்குத் தடித்துவிடும். ஒரு வகையின் மிச்சத்தை இன்னொரு வகை டிரம்மில் ஊற்றாதீர்கள். தெளிப்பான் டேங்கில் முன்பு எது இருந்தது என்று தெரியாவிட்டால், கழுவிய பிறகே நிரப்புங்கள். அதில் எதிர்மின்னூட்ட வகையின் மிச்சம் இருந்தால் டேங்கிலேயே சரக்கு உடைந்து கட்டியாகிவிடும்.